பதினெட்டரை ரூபாய் யாருக்குப் போகிறது? ஒரு டி-ஷர்ட்டின் விலைக் கணக்கு

திருப்பூரில் உற்பத்தித்திறன் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் தையல் தளத்தைத்தான் காட்டுவார்கள். லைன் (வரிசையாகப் போட்ட தையல் மெஷின்கள்) எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது, மணிக்கு எத்தனை பீஸ் இறங்குகிறது என்று கேட்பார்கள். அவசியமான கேள்விகள்தான். ஆனால் தளத்தில் மிச்சம் பிடித்த காசு கம்பெனியில் தங்குமா, ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டுப் பையரிடம் போய்விடுமா என்பது அங்கே முடிவாவதில்லை. விலைப் பேச்சில் யாருக்குப் பலம், எந்த நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு சுங்கம், பணம் எத்தனை நாளில் வருகிறது என்பவை சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. உற்பத்தித்திறன், வர்த்தகம், விலை சொல்லும் பலம் மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால்தான் முயற்சியை எங்கே போடலாம் என்று தெரியும். அதற்கு ஒரு சாதாரண டி-ஷர்ட் போதும். தலைப்பில் உள்ள பதினெட்டரை ரூபாய், அந்த ஒரு பீஸுக்கு ஐரோப்பாவில் கட்டும் சுங்கம்.

வட்டக் கழுத்து, அரைக்கை, 30-ஆம் நம்பர் கோம்டு நூல் (சீவிச் சுத்தம் செய்த பருத்தி நூல்), சிங்கிள் ஜெர்சி (சாதாரண பனியன் பின்னல்), 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). துணி எவ்வளவு என்பதற்குத் திருப்பூரில் ஆர்டரைக் கவனிக்கும் எல்லா மெர்ச்சண்டைசரும் போடும் கணக்கு: உடல் நீளம், கை நீளம், மடிப்பு மூன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அரை மார்பளவோடு தையல் அளவைக் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும், இரண்டையும் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் கிராம் வரும். உடல் 72, கை 22, மடிப்பு 10 என்றால் 104 செ.மீ. மார்பு 54, தையல் 4, ஆக 58. இரு பக்கம் 116. 104 × 116 × 160 ÷ 10,000 = 193 கிராம். வெட்டுக் கழிவு 10 சதவீதம் சேர்த்தால் 212. கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி 8 கிராம். மொத்தம் 220.

இனி விலை. கீழே உள்ள கூலியும் விலையும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது. நூல் கிலோ ₹300, நிட்டிங் (பின்னுதல்) ₹15, சாயம் ₹110, காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை முன்பே நெருக்கி அழுத்துவது) ₹12. கூட்டினால் ₹437. நிட்டிங்கிலும் சாயத்திலும் சேர்த்து எடை இழப்பு 8 சதவீதம் என்றால், வெட்டத் தயாரான துணி கிலோ ₹475. ஒரு பீஸுக்கு:

துணி – ₹104.50
லேபிள், தையல் நூல், பாலிபேக், அட்டைப் பெட்டி – ₹12
தையல் – ₹38
வெட்டு, செக்கிங், பிசிர், அயர்ன், பேக்கிங் – ₹14
நிர்வாகம், வட்டி, ரிஜெக்ட் – ₹8.40
துறைமுகம் வரை – ₹4

அடக்கம் ₹181. விலையில் 7 சதவீதம் லாபம் வைத்தால் ₹194 சொல்ல வேண்டும், லாபம் ₹13. டாலர் ₹88 என்றால் எஃப்ஓபி விலை, அதாவது கப்பலில் ஏற்றும் வரையான விலை, சுமார் 2 டாலர் 20 சென்ட்.

தாளைப் பார்த்தவுடன் தெரிவது, துணியே விலையில் பாதிக்கு மேல். தையல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. இருந்தும் நம் கூட்டங்களில் ஐந்தில் நான்கு பங்கு நேரம் தையலைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அந்த ₹38 எப்படி வந்தது? தைக்க ஆகும் நியம நேரம், அதாவது சாம், 7 நிமிடம். ஒரு மெஷினுக்கு ஆபரேட்டர் கூலி, கைமடி (உதவியாள்), சூப்பர்வைசர், மின்சாரம், வாடகை எல்லாம் சேர்த்து நாளுக்கு ₹1,300 செலவு. ஒரு ஷிப்ட் 480 நிமிடம். லைன் 50 சதவீதத் திறனில் ஓடினால் 240 நிமிடம்தான் பயன்படுகிறது, நிமிடத்துக்கு ₹5.42 ஆகிறது. ஏழால் பெருக்கினால் ₹38. திறனை 65 சதவீதத்துக்கு ஏற்றினால் நிமிடம் ₹4.17, பீஸுக்கு ₹29. ₹8.75 மிச்சம். லாபமே ₹13 இருக்கும் இடத்தில் இது சின்னத் தொகை கிடையாது.

50-லிருந்து 65-க்குப் போவதற்குப் புது மெஷின் வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆள் பிரிப்பில்தான் கோளாறு இருக்கும். இந்த ஏழு நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள்: ஷோல்டர் ஜாயின் 0.5, ரிப் மூட்டு 0.4, கழுத்து அட்டாச் 0.7, பின்கழுத்து டேப் 0.8, கழுத்து மேல்தையல் 0.5, லேபிள் 0.4, கை மடிப்பு 0.7, கை அட்டாச் 1.1, பக்கத் தையல் 1.2, பாட்டம் மடிப்பு 0.7. ஷோல்டர், ரிப், மேல்தையல், லேபிள் நான்குக்கும் ஒவ்வொருவர், மற்ற ஆறுக்கும் இருவர் என்று வைத்தால் 16 மெஷின். 16 பேரின் ஒரு மணி நேரம் 960 நிமிடம். ஏழால் வகுத்தால் 137 பீஸ் வர வேண்டும். வராது. பக்கத் தையலில் இருவர், ஆளுக்கு 1.2 நிமிடம், மணிக்கு 100 பீஸ்தான் அங்கே கடக்கும். மற்ற 14 பேரும் என்ன வேகத்தில் ஓட்டினாலும் 100-தான். எல்லோரும் நூறு சதவீத வேகத்தில் தைத்தால்கூட லைன் 73 சதவீதத்தில் நின்றுவிடும்.

கை மடிப்புக்கும் பாட்டம் மடிப்புக்கும் தலா இரண்டு பேட்லாக் (மடிப்பு தைக்கும் மெஷின்) கொடுத்திருக்கிறோம். இரண்டும் சேர்ந்து 1.4 நிமிட வேலை. மூன்று மெஷின் தாராளம். மடிப்பு அகலம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் நடுவில் உள்ள மெஷின் இரண்டு வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். அகலம் வேறு என்றால் ஃபோல்டர் (துணியை மடித்துக் கொடுக்கும் கருவி) மாற்றும் நேரம் போகும், அப்போது அரை நாளுக்கு ஒருமுறை மட்டும் மாற்றுவது நல்லது. மீதமான ஆளுக்கு ஓவர்லாக் (ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) கொடுத்துப் பக்கத் தையலுக்கு மூன்றாவது ஆளாக உட்கார வைத்தால் அந்த இடத்தின் கொள்ளளவு 150 ஆகிவிடும். இப்போது கை அட்டாச் இழுக்கும், அங்கே 109. அதே 16 பேர், மணிக்கு 9 பீஸ் கூடுதல். அடுத்த இடைஞ்சல் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் குவியும் பண்டிலை எண்ணினால் போதும். எங்கே குவிகிறதோ அதற்கு அடுத்த இடம்தான் இடைஞ்சல். ஸ்டாப் வாட்ச் பிறகு.

இனிதான் சிக்கல். பெரிய பையர்கள் இன்று கேட்பது ஓபன் காஸ்டிங். நூல் என்ன விலை, நிட்டிங் என்ன, சாயம் என்ன, சாம் எத்தனை, எந்தத் திறனில் ஓட்டுகிறீர்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பித் தர வேண்டும். 65 சதவீதம் என்று எழுதினால் அடுத்த சீசன் விலையில் ₹8.75 குறைத்துக் கேட்பார்கள். நீங்கள் தராவிட்டால் அதே 65-ஐ எட்டிய பக்கத்துக் கம்பெனி தரும். தையல் திறன் எல்லோராலும் எட்டக்கூடியது. பத்து கம்பெனி எட்டினால் அது பையருக்குப் போய்ச் சேரும் விலைக் குறைப்பாகத்தான் முடியும். ஆறு மாதமோ ஒரு வருடமோ முந்திக்கொண்டால் அந்தக் காலத்துக்கு மட்டும் லாபம். அதற்காகத் திறனைக் கூட்டாமல் இருக்க முடியாது, கூட்டாதவர் ஆர்டரையே இழப்பார். தையல் திறன் களத்தில் நிற்பதற்கான தகுதி. அதை வைத்து விலை பேச முடியாது.

துணியில் பிடிக்கும் மிச்சம் அப்படிப் போய்விடாது, அதனால்தான் அங்கே கவனத்தைத் திருப்பச் சொல்கிறேன். காஸ்டிங் தாளில் 220 கிராம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. அந்தக் கிராமுக்குள் நீங்கள் எப்படி வெட்டுகிறீர்கள் என்பது உங்கள் கட்டிங் மாஸ்டருக்கும் நிட்டிங்காரருக்கும் உள்ள விஷயம்.

முதலில் ஜிஎஸ்எம். 160 கேட்ட ஆர்டருக்கு ஐந்து சதவீதம் ஏற்ற இறக்கம் பொதுவாக அனுமதி உண்டு. 168-இல் துணி வந்தால் பையர் ஒன்றும் சொல்ல மாட்டார். பீஸுக்கு ₹5 மட்டும் கம்பெனியிலிருந்து போகும். துணியைக் கிலோவில் வாங்கிப் பரப்பில் வெட்டுகிறோம், அதனால் கனம் கூடிய ஒவ்வொரு கிராமும் இனாம். கனம் ஏன் கூடுகிறது? லூப் நீளம் (பின்னலில் ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் நீளம்) குறைவாக வைத்துப் பின்னியிருக்கலாம். நூல் நம்பர் 30 என்று சொல்லி 29 வந்திருக்கலாம் (நம்பர் குறைந்தால் நூல் தடிமன்). பெரும்பாலும் நடப்பது மூன்றாவது: துணி சுருங்கக்கூடாது என்று காம்பாக்டிங்கில் நீளவாக்கில் அதிகம் திணிப்பார்கள், சுருக்கம் ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிடும், ஜிஎஸ்எம் ஏறிவிடும். சுருக்கத்தைக் காம்பாக்டிங்கில் சரி செய்ய நினைப்பதே தவறு. லூப் நீளத்தையும் மெஷின் டையாவையும் (பின்னும் மெஷினின் விட்டம், துணியின் அகலம் இதைப் பொறுத்தது) தேர்ந்தெடுக்கும்போதே தீர்க்க வேண்டியது அது. சாம்பிள் நிலையில் ஒரு ரோல் ஓட்டி, துவைத்து, துவைத்த பின் ஜிஎஸ்எம் பார்த்து லூப் நீளத்தை முடிவு செய்துவிட்டால் மொத்த உற்பத்தியில் இந்த ₹5 போகாது.

அடுத்தது டையா. மேலே சொன்ன உடலுக்கு 58 செ.மீ. மடிப்பு அகலம் போதும். ஒரு அங்குலம் அதிகமாக வந்த துணியை அப்படியே லேயர் போட்டால் (அடுக்கி வெட்டினால்) 4.4 சதவீதம் கழிவாகிறது. பீஸுக்கு நான்கு ரூபாய்க்கு மேல். சைஸுக்கு ஒரு டையா என்று ஐந்து சைஸுக்கும் தனித்தனியாக நிட்டிங் கொடுத்தால் இது தீரும், ஆனால் சின்ன ஆர்டரில் ஒவ்வொரு டையாவுக்கும் மிச்சத் துணி தேங்கும். 3,000 பீஸுக்குக் கீழே என்றால் துணியைக் கிழித்து அகலத் துணியாக்கி, பல சைஸைக் கலந்து மார்க்கர் (வெட்டுவதற்கான வரைபடம்) போடுவதே லாபம் என்பது என் கணிப்பு.

ஈரமும் ஒரு விஷயம். பருத்தியின் நியம ஈரம் 8.5 சதவீதம். சாயப்பட்டறையிலிருந்து சரியாக உலராமல் வரும் ரோலை எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்குக் கிலோ ₹475 கொடுத்ததாகிறது. எடை இழப்பு கணக்கும் பொய்யாகக் குறைந்து தெரியும். ரோல் வந்த அன்றே எடை எழுதாமல் ஒருநாள் திறந்து வைத்து மறுநாள் எழுதினால் உண்மை தெரியும்.

ஜிஎஸ்எம்மும் டையாவும் மட்டும் சேர்ந்தாலே ஒன்பது ரூபாய்க்கு மேல். 15 சதவீதப் புள்ளி தையல் திறனைக் கூட்டிக் கிடைத்த ₹8.75-ஐ விட அதிகம். இது பெரும்பாலும் கம்பெனியிலேயே தங்கும்.

இப்போது சுங்கத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆயத்த ஆடைக்குப் பொதுச் சுங்கம் 12 சதவீதம். வளரும் நாடு என்ற சலுகையில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி பெற்று இந்திய ஆடை பல ஆண்டுகள் 9.6 சதவீதம் கட்டியது. வங்கதேசம் குறைந்த வளர்ச்சி நாடு என்பதால் 2001 முதல் ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் சுங்கமில்லை என்ற ஏற்பாட்டில் சுழியம் கட்டுகிறது. நம் டி-ஷர்ட்டின் 2.20 டாலரில் 9.6 சதவீதம் 21 சென்ட். ரூபாயில் ₹18.60. ஐரோப்பாவில் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த விலைக்குத்தான் சுங்கம், ஆகவே உண்மையில் கொஞ்சம் கூடுதல்.

இந்தப் பதினெட்டரை ரூபாயைத் தையல் திறனால் ஈடுகட்ட முடியுமா? தையல் செலவு 38-லிருந்து 19.40-க்கு இறங்க வேண்டும். நிமிடத்துக்கு ₹2.77. அதற்கு லைன் 98 சதவீதத் திறனில் ஓட வேண்டும், தினமும். உலகில் எந்தத் தையல் தளமும் அப்படி ஓடாது. கூலியைக் குறைத்து ஈடுகட்டப் பார்ப்பது அதைவிட மோசம். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் உள்ள ஊர் இது. இவ்வளவு காலம் திருப்பூர்க்காரர் வங்கதேசத்தோடு போட்டியில் தோற்றதற்கு ‘நமக்குத் திறமை போதாது’ என்று சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு. இந்திய மில்லில் நூற்ற நூலை அங்கே கொண்டுபோய்ப் பின்னித் தைத்தால் சுங்கமில்லை. அதே நூலைத் திருப்பூரில் தைத்தால் சுங்கம். அளவில் பெரிய, ஒரே நிற, அடிப்படை டி-ஷர்ட்டுகள் அங்கே போனதற்கு இந்த ஒரு வரியே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். மீதி, அங்குள்ள பெரிய தளங்கள் ஒரே மாடலை மாதக்கணக்கில் ஓட்டுவதால் வரும் திறன்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இந்திய ஆடைகளுக்கான பிரிட்டன் சுங்கம் அதில் நீங்குகிறது. வங்கதேசமோ 2026 நவம்பரில் குறைந்த வளர்ச்சி நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறுவதாக நாள் குறிக்கப்பட்டது; ஐரோப்பாவில் அதன் பிறகும் மூன்றாண்டு அவகாசம் உண்டு. நல்ல செய்திதான். ஆனால் நீங்கும் சுங்கம் (பிரிட்டனிலும் அதே 9.6 சதவீதம் என்று வைத்தால் ₹18.60) நேராகத் திருப்பூருக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுங்கம் கட்டுபவர் இறக்குமதியாளர். எஃப்ஓபி விலை அப்படியே இருந்தால் மொத்தச் சேமிப்பும் அவரிடமே தங்கிவிடுகிறது. பிறகு அவர் அதில் எதையும் தரலாம், தராமலும் இருக்கலாம். நமக்குக் கிடைக்கக்கூடியது இரண்டு: கூடுதல் ஆர்டர், அல்லது கூடுதல் விலை. முதலாவது எல்லோருக்கும் கிடைக்கும். இரண்டாவது, பையர் உங்களை விட்டுவிட்டு வேறு ஒருவரிடம் எளிதில் போக முடியாதபோதுதான் கிடைக்கும்.

தலைகீழாகவும் இதே கதைதான். 2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதம் கூடுதல் சுங்கம் விதித்தது. 27 அன்று இன்னொரு 25. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் உண்டு. நம் 2.20 டாலர் பீஸில் அந்தக் கூடுதல் 50 சதவீதம் மட்டும் அப்போது ₹97. லாபத்தைப் போல ஏழு மடங்கு. அந்த நிலையில் பையர் 10 சதவீதத் தள்ளுபடி கேட்டு, அதைக் கொடுத்தால் ₹19 போய்விடும். ஒவ்வொரு பீஸிலும் ₹6 நஷ்டம். சுங்கம் இறங்கும்போது பலன் பையரிடம் தங்குகிறது, ஏறும்போது பாரத்தில் ஒரு பங்கு நம்மிடம் வருகிறது. கம்பெனி தன் பங்குக்கு நிட்டிங், அயர்ன், பவர் டேபிள் (கம்பெனிக்காகக் கூலிக்குத் தைத்துத் தரும் சிறு தளம்) கூலியில் கை வைக்கப் பார்க்கும். வரிசையில் கடைசியில் நிற்கும் பவர் டேபிள்காரருக்குத் தள்ளிவிட யாரும் இல்லை.

1991-க்குப் பிந்தைய சுங்கக் குறைப்பு இந்திய ஆலைகளில் என்ன செய்தது என்று யான் டி லோக்கர், பினலோபி கோல்ட்பெர்க், அமித் கண்டேல்வால், நினா பாவ்க்னிக் நால்வரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். மூலப்பொருள் மேலான சுங்கம் குறைந்ததால் ஆலைகளின் செலவு நன்றாக இறங்கியது. விற்ற விலை அந்த அளவு இறங்கவில்லை. இடைவெளி லாபமாக ஆலையிலேயே தங்கியது. அவர்கள் பார்த்தது நடுத்தர, பெரிய கம்பெனிகளை, விலையைத் தாமே வைக்கக்கூடியவர்களை. விலையைப் பையர் சொல்லும் தொழிலில் அதே சேமிப்பு எதிர்த் திசையில் ஓடும். செலவு குறைந்தது என்பது ஒரு செய்தி, அது யார் கையில் தங்கியது என்பது வேறு செய்தி.

இதனாலேயே உற்பத்தித்திறனை ரூபாயில் மட்டும் அளப்பது ஏமாற்றும். ஓர் ஆண்டில் மெஷினுக்குப் பீஸ் 20 சதவீதம் கூடி, விலை 17 சதவீதம் இறங்கினால், ரூபாய்க் கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும் (1.20-ஐ 0.83-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒன்றுக்குப் பக்கம்). அரசு அட்டவணைகள் பெரும்பாலும் ரூபாய்க் கணக்கு; அதைப் பார்த்துத் ‘தொழில் தேங்கிவிட்டது’ என்று எழுதுகிறார்கள். தொழில் தேங்கவில்லை, கூடிய திறன் விலை வழியாக வெளியே போயிருக்கிறது. கம்பெனிக்குள் இரண்டு எண்களைத் தனித்தனியாக எழுதி வையுங்கள்: மெஷினுக்கு ஒரு நாள் சாம் நிமிடம், நூல், சாயம், லேபிள் போன்ற வெளிச்செலவு போக மெஷினுக்கு ஒரு நாள் ரூபாய். முதல் எண் ஏறி இரண்டாவது ஏறாவிட்டால் கோளாறு தளத்தில் இல்லை, விலைப் பேச்சில் இருக்கிறது.

விலை சொல்லும் பலத்தில் உள்ள இந்த வேறுபாட்டை நூல் விலையிலும் பார்க்கலாம். மில்கள் மாதத் தொடக்கத்தில் விலை அறிவிக்கின்றன. ஆடை ஆர்டரின் விலை மூன்று நான்கு மாதம் முன்பே முடிந்திருக்கும். ஒரு பீஸுக்கு 239 கிராம் நூல் போகிறது (220-ஐ 0.92-ஆல் வகுத்தது). கிலோவுக்கு ₹20 ஏறினால் பீஸுக்கு ₹4.80; லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காலி. 2022-இல் பருத்தி ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய அரசு பருத்தி மேலான 11 சதவீத இறக்குமதிச் சுங்கத்தைத் தற்காலிகமாக நீக்கியது. அப்படியும் மே மாதம் திருப்பூர் உற்பத்தி நிறுத்தப் போராட்டத்தில் இறங்கியது. மில்லுக்கு எங்கிருந்து அந்தப் பலம்? நூலை வங்கதேசத்துக்கும் சீனத்துக்கும் விற்கலாம். உள்ளூர்க்காரர் வாங்காவிட்டால் வேறு வாசல் இருக்கிறது. பையருக்கும் வேறு நாடு இருக்கிறது. நடுவில் உள்ள பனியன் கம்பெனிக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கதவு.

ஆகவே இன்னொரு வாசலை உண்டாக்கும் வேலைகளே விலை சொல்லும் பலத்தைத் தரும். திருப்பூருக்கு அதில் முதல் இடம் சின்ன ஆர்டர். ஸ்டைல் மாற்றும் ஒவ்வொரு முறையும் 16 மெஷின் லைன் அரை நாள் தடுமாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ₹20,800 செலவாகும் லைன்; அரை நாள் ₹10,400. 10,000 பீஸ் ஆர்டரில் இது பீஸுக்கு ஒரு ரூபாய். 500 பீஸ் ஆர்டரில் ₹20.80. ஆனால் மெர்ச்சண்டைசர்கள் பலர் இரண்டுக்கும் ஒரே தையல் கூலியை எழுதி அனுப்புகிறார்கள், சின்ன ஆர்டரை ‘உறவுக்காக’ எடுத்தேன் என்று சமாதானம் சொல்கிறார்கள். பெரிய தளங்கள் 500 பீஸை ஏறெடுத்தும் பார்க்காது. உங்களிடம் வரும் பையருக்குப் போக்கிடம் குறைவு. இருபது ரூபாயைத் தனி வரியாக, ‘ஸ்டைல் மாற்றுச் செலவு’ என்று பெயர் போட்டு வாங்க வேண்டிய இடம் அது. பிறகு மாற்று நேரத்தை அரை நாளிலிருந்து ஒரு மணிக்குக் கொண்டு வந்தால், அந்தச் சேமிப்பு நேராகக் கம்பெனிக்கு. செய்வது எப்படி? பழைய ஸ்டைல் முடியும் முன்பே அடுத்ததற்கான ஃபோல்டர், நூல் கோன், மாதிரி பீஸ் எல்லாம் ஒரு தட்டில் தயாராக இருக்க வேண்டும். லைன் முழுவதும் காலியாகும் வரை காத்திருக்காமல், ஷோல்டர் ஆள் முடித்தவுடன் அவரிடமே புது ஸ்டைலின் முதல் பண்டிலைக் கொடுக்க வேண்டும். பழையது முன்னே போகப் போகப் புதியது பின்னாலேயே வரும்.

இரண்டாவது இடம் சாயம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பட்டறைகளே மறுபடி திறந்தன. ரியாக்டிவ் சாயத்தில் துணி ஒரு கிலோவுக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில், லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டால் கிலோ துணிக்கு 360 கிராம் உப்பு. பிளீச், சாயம், சோப்பு, சாஃப்ட்னர் என்று எட்டு ஒன்பது முறை தண்ணீர் மாற்றினால் ஐம்பது லிட்டர். அத்தனையையும் ஆர்ஓ வடிகட்டியிலும் ஆவியாக்கியிலும் விட்டு மீட்க வேண்டும். இந்தச் செலவு போட்டி நாடுகளில் பெரும்பாலும் இல்லை, அதனால் இதைச் சுமையாகவே பேசிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆற்றைக் கெடுக்காமல் சாயம் போடும் இவ்வளவு பெரிய ஊர் உலகில் அரிது. சுற்றுச்சூழல் சான்று கேட்கும் பையரிடம், மீட்ட தண்ணீரின் லிட்டர் கணக்கைத் தாளில் எழுதி அதற்கு விலை கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

மறுசாயத்தைக் குறைப்பதும் இங்கேதான் வரும். பத்தில் ஒரு லாட் (ஒரே தடவையில் சாயம் போடும் துணி) மறுசாயம் போனால் சராசரியாகப் பீஸுக்கு ₹2.60 கூடும், மூன்று நாள் போகும். பிளீச்சுக்குப் பின் துணியில் தங்கும் பெராக்சைடு சாயத்தைக் கொன்று ஷேடை வெளுக்க வைக்கும். என்சைம் போட்டு நீக்கி, பட்டைத்தாளில் சோதித்த பிறகே சாயம் விட வேண்டும். தண்ணீர்க் கடினம், சோடா வேகமாக விடுவது, ஒரே லாட்டில் இரண்டு மில் நூல் கலப்பது மூன்றும் மற்ற காரணங்கள். ரூபாயை விட அந்த மூன்று நாளே பெரிது. கப்பல் தவறி விமானத்தில் அனுப்பினால், கிலோவுக்கு ₹250 என்றாலும் 200 கிராம் பீஸுக்கு ₹50. நான்கு பீஸின் லாபம் ஒரு பீஸில் போய்விடும். தேதி தவறாதவர் என்ற பெயர் மட்டும் பையரிடம் இரண்டு மூன்று சதவீதம் விலை பெற்றுத் தரும் என்பது என் கருத்து, ஏனென்றால் அலமாரி காலியாக இருந்தால் அவருக்கு ஏற்படும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

பண வரவின் நாள்களும் விலைதான். கப்பல் ரசீது தேதியிலிருந்து 90 நாள் என்றால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ₹194-க்கு ₹4.80 ஆகிறது. 30 நாள் என்றால் ₹1.60. இதற்கிடையே 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் வந்த மாற்றப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரர்களுக்கு இது நியாயமான பாதுகாப்பு. வரவு 90, செலவு 45 என்ற நடுவில் நிற்கும் கம்பெனி, விலையில் இரண்டு சென்ட் ஏற்றிக் கேட்பதைவிட 30 நாள் குறைத்துக் கேட்பது எளிது, ₹1.60 அப்படியே மிச்சம்.

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்கள் நூல் கலவையையும் சுங்கத் தாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அடிப்படைச் சுங்கம் 16.5, செயற்கை இழைக்கு 32. எந்த இழை எடையில் அதிகமோ அந்தக் கணக்கு. 60 பருத்தி, 40 பாலியஸ்டர் என்றால் 16.5, அதையே திருப்பிப் போட்டால் 32. நூல் விலையில் மிச்சம் பார்த்துப் பாலியஸ்டரைக் கூட்டியவர், அதைப் போலப் பல மடங்கைச் சுங்கத்தில் இழப்பார். டிசைன் நிலையிலேயே இதைப் பையருக்குச் சொல்லும் கம்பெனியை அவர் வெறும் தையல்காரராகப் பார்க்க மாட்டார்.

கொட்டேஷனில் செய்யக்கூடிய மாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். நூல் விலையை அடிப்படையாக எழுதி, கிலோவுக்கு ₹10 ஏறினாலோ இறங்கினாலோ பீஸ் விலை ₹2.40 மாறும் என்று ஒரு வரி சேருங்கள். இறங்கும்போதும் கொடுப்பதாக எழுதினால்தான் பையர் ஒப்புக்கொள்வார். தையல் திறனைக் கேட்கும் கட்டத்தில் இந்த சீசனுக்கு ஒப்புக்கொண்ட ஒரு எண்ணை எழுதுங்கள், அதற்கு மேல் கிடைப்பது அடுத்த சீசனில் பாதிப் பாதி என்று முன்பே பேசிவிடுங்கள். பொய் எண் வேண்டாம், தணிக்கைக்கு வருவார்கள். பிரிட்டன் ஆர்டர் என்றால் எஃப்ஓபி விலைக்குக் கீழே, சுங்கமாக அவர் முன்பு கட்டிய தொகை பீஸுக்கு எத்தனை பென்ஸ் என்று தனி வரியில் காட்டுங்கள், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கேளுங்கள். ₹18.60-இல் மூன்றில் ஒன்று ₹6.20, லாபம் 13-லிருந்து 19 ஆகும். இந்தப் பேச்சை முதல் சீசனிலேயே நடத்த வேண்டும். சுங்கமில்லாத விலை பையரின் பட்டியலில் ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு அந்த வரியைத் தாளில் காட்டவே முடியாது.